புனிதர்களின் உறவுக்காரி

எனக்குத் தெரிந்த பக்திமான்களில் பெரும்பாலோர் ஆண்டவனை ஒரு மேலதிகாரியாகப் பாவித்து, அவன் சந்நிதியில் மனுக் கொடுத்து, பதில் வராதபோது நினைவூட்டுக் கடிதம் எழுதி, அதற்கும் காரியம் அசையவில்லையென்றால் வேறு இலாகாத் தெய்வத்தின் மூலம் சிபாரிசு தேடுகிற சுபாவம் உடையவர்கள். இன்னும் சிலர், தவணை தவறாமல் வட்டியைக் கட்டிவிட்டு அசலைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தால் கணக்கு ஒருவாறு ஓடிவிடும் என்று நம்புகிறவர்கள். பிலிப்பைன்ஸ் தேசத்தில், லகூனா மாகாணத்தில், லோஸ் பான்யோஸை அடுத்த ஒரு சிற்றூரில் என்னைத் தம் மாடியறையில் குடிவைத்திருந்த அம்மாள் இந்த இரு வகுப்பிலும் சேராதவர். அவர் தெய்வத்தையும், மாதாவையும், அவர்களைச் சூழ்ந்துள்ள எண்ணற்ற புனிதர்களையும் தமக்கு நெருங்கிய உறவினராகவே பாவித்தார். உறவினர் என்றால் போக வேண்டும், வர வேண்டும். போகும்போது வெறுங்கையோடு போகலாகாது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பலாகாது. அந்த அம்மாளுடைய வேத சாஸ்திரம் முழுவதும் இந்த நான்கு விதிகளில் அடங்கிவிட்டது. ஐந்தாவதாக ஒன்று இருந்திருந்தாலும் அதுவும் சாப்பாட்டைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் உத்தியோகத்தின் பொருட்டு. ஃபோர்டு, ராக்கஃபெல்லர் என்னும் இரண்டு அமெரிக்க தர்ம ஸ்தாபனங்கள் பிலிப்பைன்ஸ் அரசாங்கத்துடன் சேர்ந்து 1960-இல் நிறுவிய அந்த நிலையத்துக்கு 1982 முதல் 1988 வரை நம்முடைய எம்.எஸ். சுவாமிநாதன் தலைவராக இருந்தார். ஆகையால் அக்காலத்தில் மக்கிலிங் மலையடிவாரத்தில் தமிழ்க் குரல் கேட்பது அவ்வளவு அபூர்வமாக இருக்கவில்லை. சக உத்தியோகஸ்தர்கள் பலர் வசதியான பங்களாக்களில் வசிக்க, நான் மட்டும் ஏரிக் காற்றையும் சொற்ப வாடகையையும் உத்தேசித்து ஊருக்குள் அறை தேடினேன். அம்மாள் கணவனை இழந்தவர். மூத்த மகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. இளையவள் அமெரிக்காவில் தாதி. மகன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். அந்தத் தேசத்துக் குடும்பங்களில் ஒரு பிள்ளை கடலிலும் ஒரு பிள்ளை கடல் கடந்தும் இருப்பது சர்வ சாதாரணம். ஊரில் சகலரும் அவரை ‘நானாய்’ என்று, அதாவது அம்மா என்று, அழைத்தார்கள். அவர் என்னை ‘அனாக்’ என்று, தாம் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதைப்போலவே கூப்பிட்டார். வாடகையைக் கேட்கும்போது மாத்திரம் அந்தச் சொல்லைச் சற்று நீட்டிச் சொல்வார்.

வீட்டுக் கூடத்தில் ஒரு பீடம். அதன் நடுவில் சிவப்பு அங்கியும் கிரீடமும் தரித்த பால இயேசுவாகிய சாந்தோ நீனோ. 1521-இல் மகெல்லன் செபுத் தீவில் இறங்கி அவ்வூர் ராணிக்கு ஞானஸ்நானத்தின்போது அன்பளிப்பாகக் கொடுத்த விக்கிரகத்தின் பிரதி அது. இந்த வரலாற்றை அம்மாள் சொல்லும் விதமே வேறு. மகெல்லன் உலகைச் சுற்ற வந்ததும், அங்கே ஒரு சண்டையில் மாண்டதும் அவருக்கு முக்கியமல்ல. முதன்முதலாக ஒரு வீட்டுக்கு வந்தவன் வெறுங்கையோடு வராமல் குழந்தையைக் கையில் கொண்டுவந்தான் பாருங்கள், அதுதான் மரியாதை என்பார். அப்பேர்ப்பட்டவனை அடித்துக் கொன்றுவிட்டார்களே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, “அவன் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும், பக்கத்துத் தீவுச் சண்டையில் தலையிட்டது அவன் தவறு” என்று தீர்ப்பளித்தார்.

சாப்பாட்டறையில், அந்த நாட்டில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இருப்பதுபோல, கிறிஸ்துநாதரின் கடைசி இராப்போஜனப் படம் ஒன்றும், அதன் இருபுறமும் ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த மரக் கரண்டியும் மர முள்கரண்டியும் தொங்கின. இந்த ராட்சதக் கரண்டிகளின் தாத்பரியம் என்னவென்று எனக்கு விளக்கிச் சொன்னவர் எவருமில்லை. என்னுடைய சொந்த அபிப்பிராயம், படத்திலுள்ள பதின்மூன்று பேரும் என்றைக்காவது இறங்கி வந்து உட்கார்ந்தால் பரிமாறுவதற்குத் தாமதம் நேரக்கூடாதென்ற முன்னேற்பாடு என்பதே. அம்மாளைப் பொறுத்தவரையில் இது வேடிக்கைக்காகச் சொல்வதன்று. யார் எப்போது வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி “சாப்பிட்டாயா?” என்பது. பெயர், ஊர், வந்த காரியம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டார் உண்டுகொண்டிருக்கும்போது தெருவில் போகிறவன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாலும் “வா, சாப்பிடலாம்” என்று அழைப்பது அந்நாட்டு ஆசாரம். அழைக்கப்பட்டவன் நன்றி கூறிவிட்டு நடையைக் கட்டுவதும் அதே ஆசாரத்தின் மறுபாதி. அம்மாள் முதற்பாதியை மட்டும் அநுஷ்டித்தார். மறுபாதிக்கு இடம் கொடுப்பதில்லை. மின்சார மீட்டர் பார்க்க வந்தவன், தபால்காரன், கோழி களவு போனது சம்பந்தமாக விசாரிக்க வந்த போலீஸ்காரர், அந்தக் களவில் சந்தேகிக்கப்பட்ட பையன் ஆகிய யாவரும் அந்த மேஜையில் உட்கார்ந்து எழுந்தவர்களே. கடைசி இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததால் விசாரணை அத்துடன் முடிவடைந்தது.

ஞாயிறு மாலைகளில் ‘இக்லேசியா நி கிறிஸ்தோ’ என்னும் சபையைச் சேர்ந்த பிரசாரகர் இருவர் வருவதுண்டு. 1914-இல் ஃபெலிக்ஸ் மனாலோ என்பவர் அத்தேசத்திலேயே ஸ்தாபித்த சபை அது. கத்தோலிக்கர்களைத் தம் பக்கம் திருப்புவதில் மிகுந்த ஊக்கமுள்ளது. நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர் கத்தோலிக்கராக உள்ள நாட்டில் அந்த ஊக்கத்துக்கு விஷயப் பஞ்சம் கிடையாது. அம்மாள் அவர்களுடைய வாதங்களில் ஒன்றையாவது செவியில் வாங்கியதாக நான் காணவில்லை. ஆனால் அச்சபையார் இரத்தம் சேர்ந்த உணவைத் தொடமாட்டார்கள் என்பதைக் கவனமாக அறிந்து வைத்திருந்து, அவர்கள் வருகிற நாட்களில் பன்றி இரத்தத்தில் சமைக்கும் ‘தினுகுவான்’ பாத்திரத்தை அடுப்படியின் பின்புறம் மறைத்துவிட்டு, அவர்களுக்கென்று நூடுல்ஸ் வறுத்து வைப்பார். அவருடைய ஆத்மாவை மீட்க வந்தவர்கள், ஏப்பம் விட்டுக்கொண்டு, அடுத்த வாரமும் வந்து முயல்வதாகச் சொல்லிப் போவார்கள்.

அந்தச் சபையாரின் விரதத்தை அவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட அம்மாளுக்கு என் விரதம் மாத்திரம் கடைசி வரையில் புரியவில்லை. நான் மாமிசம் உண்பதில்லை என்று சொன்னபோது, கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, “தவக்காலத்திலா?” என்றார். இல்லை, எப்போதுமே என்றேன். “ஈஸ்டர் அன்றைக்குக்கூடவா?” என்றார். அன்றைக்கும்தான் என்றேன். என் முகத்தை வெகுநேரம் இரக்கத்துடன் பார்த்துவிட்டு, “அனாக், இந்தச் சின்ன வயதில் அப்படி என்ன பாவம் செய்தாய்?” என்று கேட்டார். பிறகு அவரே ஒரு சித்தாந்தத்துக்கு வந்தார்: எனக்கு ஆயுள் முழுவதும் தவக்காலம், தவக்காலத்தில் இறைச்சிக்குத்தான் விலக்கு, மீனுக்கும் இறாலுக்கும் விலக்கில்லை, ஆகவே எனக்கு மீனும் இறாலும் ஆகும். தர்க்க சாஸ்திர ரீதியாக இதில் குற்றம் காண்பதற்கில்லை. அந்நாட்டில் வெள்ளிக்கிழமைகளில் பாசிப்பயற்றை வேகவைத்து, முருங்கைக் கீரையைக் கிள்ளிப் போட்டு ஒரு கூட்டுச் செய்வார்கள். அதைப் பார்த்ததும் கும்பகோணத்தில் என் தாயார் கை தெரிந்தது, முகர்ந்ததும் மறைந்தது. மேலே சிவந்து சுருண்டு கிடந்தவை வற்றல் மிளகாய் அல்ல, இறால். புளிப்புச் சாறு, பாகற்காய், கத்தரிக்காய் என்று நம்பி அணுகிய ஒவ்வொன்றின் அடியிலும் ஏரியிலிருந்தோ கடலிலிருந்தோ ஏதேனும் ஒரு ஜீவன் என்னை எதிர்நோக்கியிருந்தது. நான் இறாலைப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம், தவம் முற்றிவிட்டது என்று மகளிடம் மெல்லச் சொல்லிக்கொள்வார்.

ஊர்ப் புனிதர் சான் இசித்ரோ. அவர் ஸ்பெயின் தேசத்துக் குடியானவர். வேலை நேரத்தில் பிரார்த்தனையில் ஆழ்ந்துவிட்டபோது தேவதூதர்கள் இறங்கி அவருக்குப் பதிலாக ஏர் பூட்டி உழுதார்கள் என்பது ஐதீகம். “விஞ்ஞானிகள் மாத்திரம் என்னவாம்? உழுகிறவர் ஒருவர், புகழ் அடைகிறவர் ஒருவர்” என்று அம்மாள் இக்கதையை முடிப்பார். மே 15-இல் நடக்கும் அப்புனிதருடைய திருவிழாவன்று ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் யாரும் நுழைந்து சாப்பிடலாம். வீட்டுக்காரர் இன்னார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 1966-இல் நிலையத்திலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல் அம்மாளுடைய மாமனார் நிலத்திலும் விளைந்திருக்கிறது. அந்த விளைச்சல் இந்தோனேசிய நெட்டை ரகம் ஒன்றையும் தைவான் குட்டை ரகம் ஒன்றையும் கலப்பினம் செய்ததால் வந்தது என்று நான் விளக்கியபோது, சான் இசித்ரோ கலியாணம் செய்துவைப்பதிலும் கைராசிக்காரர்தான் என்று ஒப்புக்கொண்டார். தமிழ்நாட்டில் ஒரு விவசாயி அந்த நெல்லால் செழித்து, பிறந்த மகனுக்கு ‘ஐ.ஆர். எட்டு’ என்றே பெயரிட்டார் என்று சொன்னேன். அம்மாள் திகைத்துப்போய், “அந்தப் பெயரில் ஒரு புனிதர் உண்டா? பாதிரியார் எப்படிச் சம்மதித்தார்?” என்றார். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்றதும் நிம்மதியடைந்து, அன்றிரவு ஜெபத்தில் அந்தக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய யாத்திரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாத்திரை என்று நாம் சொல்வது. அம்மாள் அதை ‘பார்த்துவிட்டு வருவது’ என்றுதான் சொல்வார். மணிலா நகரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். புதன்கிழமைகளில் பக்லாரன் ஆலயத்தில் சதா சகாய மாதாவுக்கு நொவேனா. வெள்ளிக்கிழமைகளில் கியாபோவில் கரிய நாசரேயர். 1606-இல் மெக்சிகோவிலிருந்து கப்பலேறி வந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கருநிற இயேசுவின் திருவுருவத்தை ஜனவரி 9-இல் தெருவில் இழுத்துவரும்போது லட்சக்கணக்கானவர்கள் வெறுங்காலோடு வந்து வடத்தைத் தொட முண்டுவார்கள். அந்த நாளில் அம்மாள் போகமாட்டார். “வீட்டில் ஜனக்கூட்டமாக இருக்கும்போது போனால் அவரோடு இரண்டு வார்த்தை நிம்மதியாகப் பேச முடியுமா? மற்ற வெள்ளிக்கிழமையில் போவதுதான் அழகு” என்பார். மகளுடைய கலியாணத்துக்கு முந்தின வாரம், முட்டைகளை எடுத்துக்கொண்டு கேசோன் நகரத்திலுள்ள சாந்தா கிளாரா கன்னிமடத்துக்குப் போனார். அப்புனிதைக்கு முட்டை காணிக்கை கொடுத்தால் விசேஷ தினத்தில் மழை பெய்யாது என்பது அங்கே நிலைபெற்ற நம்பிக்கை. கலியாணத்தன்று பெண் கோயிலுக்குள் நுழையும் வரையில் கொட்டிய மழை, நுழைந்தபின் சட்டென்று நின்றது. இது அருளா, ஏமாற்றமா என்று உறவினர்கள் விவாதித்தபோது அம்மாள், “ஒரு டஜனுக்கு அரை நாள். இரண்டு டஜன் கொண்டுபோயிருக்க வேண்டும்” என்று கணக்கை நேர் செய்தார்.

ஆனால் அவருக்கு மிகவும் நெருங்கிய உறவு அந்திப்போலோ மாதாதான். அமைதிக்கும் நற்பயணத்துக்கும் அதிதேவதையான அந்தக் கரிய மரத் திருவுருவம் 1626-இல் அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வந்தது. அதற்குப் பிறகும் அதைச் சும்மா வைக்கவில்லை. மணிலாவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே பட்டும் வெள்ளியும் ஏற்றிச் சென்ற பாய்மரக் கப்பல்களில் காவலுக்காகப் பலமுறை பசிபிக் சமுத்திரத்தைக் கடக்க வைத்தார்கள். இன்றைக்கும் அந்நாட்டார் வெளிதேசம் புறப்படுமுன் அங்கே போய்ச் சொல்லிக்கொள்கிறார்கள். புதுக் கார் வாங்கினால் முதல் ஓட்டம் அவ்விடத்துக்குத்தான். மகன் ஒவ்வொரு முறை கப்பலேறும்போதும் அம்மாள் அவனை அந்திப்போலோவுக்கு அழைத்துப் போவார். “கப்பல் பிரயாணத்தில் அநுபவம் உள்ளவளிடம்தானே சொல்ல வேண்டும்? ரோமாபுரியில் எவ்வளவோ பெரிய கோயில் இருக்கலாம். அங்கே யாருக்குச் சமுத்திரம் தெரியும்?” என்பது அவர் வாதம். நான் விடுமுறைக்குத் தாயகம் புறப்பட்டபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் விமானத்தில் அல்லவா போகிறேன் என்றேன். “கீழே கடல்தானே இருக்கிறது?” என்றார். இதற்குப் பதில் விமானக் கம்பெனிகளிடமும் இருக்காது.

பெரிய வியாழக்கிழமையன்று ஏழு கோயில்களைத் தரிசிப்பது அந்நாட்டு வழக்கம். அம்மாள் ஒரு ஜீப்னியை வாடகைக்குப் பிடிப்பார். யுத்தம் முடிந்தபின் அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, வர்ணம் பூசி, மாதாவின் படத்தையும் வெள்ளிக் குதிரைகளையும் முன்னால் நிறுத்தி அவர்கள் உண்டாக்கிய வாகனம் அது. இருபுறமும் நீளப் பெஞ்சுகள். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதைக் கடைசியாக ஏறுகிறவர் தீர்மானிப்பார். ஜெபமாலையைக் கையிலும் அவித்த வாழைப்பழத்தை மடியிலும் வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்மணிகள் உட்கார்ந்திருக்க, மடியில் பாத்திரமில்லாத ஒரே பிரயாணியாகிய என்னிடம் சோற்றுப் பானை ஒப்படைக்கப்பட்டது. நாகார்லான், லிலியூ, மஹாய்ஹாய், பாக்சாங்ஹான், லும்பான், பாயேத்தே, பாக்கில் என்பது வழி. ஏழும் ஸ்பானியர் காலத்துப் பழைய கோயில்கள். லிலியூவில் செங்கல்லால் எழுந்த அழகான ஆலயம் ஒன்றிருக்கிறது. அதற்குப் போகும் தெருவில் இருபுறமும் செருப்புக் கடைகள், ஏனெனில் அவ்வூர் செருப்புக்குப் பேர் போனது. ஆண்டவர் பாடுபட்ட நாளில் பேரம் பேசக்கூடாது என்று புறப்படுமுன் அம்மாள் எல்லோரிடமும் வாக்குறுதி வாங்கியிருந்தார். அந்த வாக்குறுதியை அவர்கள் காப்பாற்றினார்கள். ஒருவரும் பேரம் பேசாமல், சொன்ன விலைக்கே செருப்பு வாங்கினார்கள். ஏழு கோயில்களில் அதிக நேரம் செலவானது அங்கேதான். மரச் சிற்பிகளின் ஊரான பாயேத்தேயில், சுவர் நிறையத் தீட்டப்பட்டுக் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் சான் கிறிஸ்தோபாலைப் பார்த்து அம்மாள், பாரம் தூக்குகிறவர் என்ற முறையில், பானையோடு நின்ற என்னையும் அறிமுகப்படுத்திவைத்தார். பாக்கிலில் உள்ள வியாகுல மாதாவின் சந்நிதி ஆடிப் பாடித் தொழுகிற இடம். அன்று ஆடக்கூடாத நாளாகையால், ஈஸ்டருக்குப் பிறகு வந்து ஆடிவிட்டுப் போவதாக அம்மாள் மாதாவிடம் தேதி குறிப்பிட்டுச் சொல்லிவிட்டு வண்டியேறினார். சொன்னபடி போய் ஆடவும் செய்தார் என்று கேள்வி.

எங்கே போனாலும் திரும்புகையில் வீட்டிலிருப்பவர்களுக்கு ஏதேனும் வாங்கிவருவது பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு மீற முடியாத கடமை. அந்திப்போலோவிலிருந்து ஓலையில் சுற்றிய சுமானும் முந்திரிப் பருப்பும், பாகியோ மலையிலிருந்து கன்னிமடத்தார் கிண்டிய ஊதா வள்ளிக்கிழங்கு ஜாமும் துடைப்பக்கட்டைகளும் வந்திறங்கும். பரிசாகத் துடைப்பம் வாங்கித் தருகிற நாடு ஒன்று உண்டு என்று நான் ஊருக்கு எழுதியபோது, என் தாயார் பதிலில், நல்ல துடைப்பமா என்று மட்டும் கேட்டிருந்தாள்.

டிசம்பர் 16 முதல் 24 வரையில் ஒன்பது நாள் விடியற்காலைப் பூஜை. ஒன்பதும் விடாமல் போனவர் நினைத்தது நடக்கும் என்பார்கள். நான்கு மணிக்கு முன்னமே மணியடித்து, குளிரில் நடுங்கியபடி ஊரே கோயிலுக்குப் போவதையும், பூஜை முடிந்ததும் வாசலில் வாழையிலை மேல் சுட்ட பிபிங்காவையும், மூங்கில் குழாயில் அவித்து எடுத்து, நம்முடைய குழாய்ப்புட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க ஊதா நிறப் புத்தோ பும்போங்கையும் மொய்ப்பதையும் பார்த்த எனக்கு, கும்பகோணத்தில் அதே வாரத்தில் மார்கழி பிறந்து, ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டு எழுந்து, பனியில் போய்ப் பொங்கலுக்குக் கையேந்தி நின்ற காலம் ஞாபகம் வந்தது. இதை அம்மாளிடம் சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அந்நேரத்தில் எழுந்து வருகிறவனுக்குச் சாப்பாடு போடாத தெய்வம் எந்த ஊரிலும் இருக்க முடியாது என்றார்.

புனிதர்கள் யாரையும் பார்க்கிற உத்தேசமில்லாமல் அம்மாள் மணிலாவுக்குப் போனது, எனக்குத் தெரிந்து, 1986 பிப்ரவரியில். அதிபர் மார்க்கோஸை விட்டு விலகி முகாமுக்குள் அடைபட்ட படைத் தலைவர்களுக்கு உணவும் ஆதரவும் தாருங்கள் என்று கர்தினால் சின் வானொலியில் வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுகோளில் இருந்த அரசியலை மற்றவர்கள் கவனித்துக்கொண்டார்கள். ‘உணவு’ என்ற பகுதியை அம்மாள் எடுத்துக்கொண்டு, ஒரு பானை நூடுல்ஸுடன் எட்சா வீதிக்குப் போய்ச் சேர்ந்தார். கன்னியர் ஜெபமாலையுடன் டாங்கிகளின் முன் மண்டியிட்டிருந்தனர். அம்மாள் டாங்கியின் மேலிருந்த சிப்பாயை அண்ணாந்து பார்த்துத் தம்முடைய வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டாராம். பிப்ரவரி 25-இல் மார்க்கோஸ் தேசத்தை விட்டு ஓடினார். பானையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதுதான் அந்தப் புரட்சியைப் பற்றி அம்மாளுக்கு இருந்த ஒரே மனக்குறை.

அவர் தமிழ்நாட்டுக்கு வந்தது வேளாங்கண்ணியை உத்தேசித்து. நான் ஒருநாள் பேச்சுவாக்கில் அவ்விடத்து ஐதீகங்களைச் சொல்லிவைத்தேன். பதினேழாம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பலை மாதா கரைசேர்த்தாள் என்ற கதையை, அந்திப்போலோ மாதாவின் உத்தியோகத்தை இங்கே இவள் பார்க்கிறாள் என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார். கால் முடமான பையன் ஒருவன் மோர் விற்றுக்கொண்டிருந்தபோது, மாதா குழந்தையுடன் தோன்றி, குழந்தைக்குக் கொஞ்சம் மோர் கேட்டாள், அவன் கொடுத்தான், கால் சரியாயிற்று என்ற கதையைக் கேட்டதும்தான் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். “அவளே வந்து கேட்டாளா?” என்றார். எத்தனையோ புனிதர்களுக்கு எவ்வளவோ கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு, மாதாவே பசியோடு வந்து வாய்விட்டுக் கேட்ட ஊர் ஒன்று உண்டென்பது பொறுக்கமுடியாத செய்தியாக இருந்தது. அடுத்த என் விடுமுறையில், செபுவின் மாம்பழ வற்றல் பொட்டலங்களுடன் என்னோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார்.

அங்கே என் தாயார் இருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை. இலையைக் காலி செய்தால் இன்னும் வேண்டுமென்று அர்த்தம் என்று என் தாயார் நினைத்தாள். போட்டதை மிச்சம் வைத்தால் சமைத்தவள் மனம் புண்படும் என்று அம்மாள் நினைத்தார். இவ்விரு கொள்கைகளும் ஒரே இலையில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை நான் கவலையுடன் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழையிலையும் கையால் உண்பதும் அம்மாளுக்குப் புதிதல்ல. பச்சை முருங்கைக்காயைச் சாம்பாரில் கண்டபோது, கீரையைத் தின்று காயை விட்டுவிடுகிற தம் தேசத்தாரின் அறியாமையைக் குறித்து வருந்தினார். ஒரு வாரத்தில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் ‘இன்னும் கொஞ்சம்’ என்பது. அது தாம் சொல்ல வேண்டிய வார்த்தையல்ல, பரிமாறுகிறவர் சொல்ல வேண்டியது என்று அறிந்தபின், கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டார் எல்லோருக்கும் பரிமாறத் தொடங்கிவிட்டார். சொந்த வீட்டில் விருந்தாளியாக உட்கார்த்தப்பட்டது என் தாயாருக்கு அதுவே முதல் தடவை. மரியாதைக்குறைவா, மரியாதையா என்று நிச்சயிக்க முடியாமல் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டாள்.

வேளாங்கண்ணிக்கு என் தாயாரும் வந்தாள். கோயிலுக்கும் மாதா குளத்துக்கும் நடுவிலுள்ள மணற்பாதையில் முழங்காலிட்டு நகர்கிறவர்களைக் கண்டதும், கியாபோவில் பலமுறை பார்த்த காட்சியாகையால், அம்மாள் ஒருவரையும் கேட்காமல் பாவாடையைச் சரிசெய்துகொண்டு மண்டியிட்டுவிட்டார். என் தாயார் பக்கத்திலேயே குடை பிடித்து நடந்தாள். மற்றவர்களுடைய தெய்வம் என்றாலும் வெயில் பொதுதானே. சேலையுடுத்து நின்ற மாதாவை அம்மாள் நெடுநேரம் தரிசித்தார். பிறகு, வீட்டிலிருந்து என் தாயார் கொண்டுவந்திருந்த தூக்கிலிருந்து மோரை ஒரு டம்ளரில் ஊற்றி, எதிர்ப்பட்ட ஒரு கைக்குழந்தைக்காரியிடம் நீட்டினார். அவள் குழம்பிப்போய் எங்களைப் பார்த்தாள். என் தாயார் “வாங்கிக்கோ அம்மா, உப்புப் போட்டிருக்கிறது” என்றாள். புறப்படும்போது அம்மாளுக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தாள். அதை அவர் லகூனாவில் ஞாயிற்றுக்கிழமைப் பூஜைக்கு, எப்படிக் கட்டுவதென்று மறந்துபோய்த் தம் சொந்த முறையில் சுற்றிக்கொண்டு போனதாகவும், பாதிரியார் பிரசங்கத்தின் நடுவில் வழிதவறிவிட்டதாகவும் பிற்பாடு கடிதம் வந்தது.

நான் ஊர் திரும்பிய பல வருஷங்களுக்குப் பிறகு அம்மாள் காலமானார். அவ்வூரில் பிரேதத்தை உடனே அடக்கம் செய்வதில்லை. கடல் கடந்த பிள்ளைகள் வந்துசேரும் வரையில் பல நாள் இரவு பகலாக வீட்டில் விளக்கெரிய, உற்றார் விழித்திருப்பார்கள். ஆகவே சென்னையிலிருந்து புறப்பட்ட எனக்கும் நேரம் இருந்தது. முற்றத்தில் கூடாரம் போட்டு, தூக்கம் வராமலிருக்கச் சீட்டாடுவார்கள். ஜெயித்த பணத்தில் ஒரு பங்கு துக்கச் செலவுக்காகக் குடும்பத்துக்குப் போகும். வந்தவர்க்கெல்லாம் காப்பி, ரொட்டி, சோறு. இதுவரையில் எல்லாம் அம்மாளுக்கு உவப்பானவைதான். ஆனால் துக்க வீட்டுக்கென்று சில விலக்குகள் உண்டு. வந்தவர்களை வாசல் வரை சென்று வழியனுப்பக்கூடாது. அங்கிருந்து உணவை வெளியே எடுத்துச் செல்லக்கூடாது. யாருடைய வீட்டிலிருந்து நாற்பது வருஷமாக ஒருவனும் பொட்டலமில்லாமல் வெளியேறியதில்லையோ, வாசலில் மட்டுமின்றித் தெருமுனை வரையில் வந்து கையசைக்காமல் யார் ஒருவரையும் விட்டதில்லையோ, அவருடைய வீட்டிலிருந்து சாரிசாரியாக ஜனங்கள் வெறுங்கையோடு, தாமாகவே எழுந்து, தாமாகவே வெளியேறிக்கொண்டிருந்தார்கள். மகன் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவர் எழும்போதும் அவனுடைய முழங்கால்கள் தாமாக நிமிர, அவன் அவற்றை அடக்கிக்கொண்டிருந்தான். மூத்த மகள் மாத்திரம் மிகவும் அமைதியாகக் காணப்பட்டாள். அது எனக்குச் சந்தேகத்தை உண்டாக்கியது.

மூன்றாவது விலக்கு ஒன்றிருக்கிறது. துக்க வீட்டிலிருந்து நேரே தம் வீட்டுக்குப் போகக்கூடாது; பின்தொடர்ந்து வருகிற ஆவியை உதறிவிடுவதற்காக, நடுவில் வேறெங்கேனும் நுழைந்துவிட்டுத்தான் போக வேண்டும். எல்லோரும் நுழைவது நெடுஞ்சாலை முனையிலிருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில். மாப்பிள்ளையும் நானும் ஒருநாள் நள்ளிரவில் அங்கே போய் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னே வந்தவர்கள் ஒவ்வொருவரும் கையில் ஒரு பொட்டலத்துடன் வெளியே போய்க்கொண்டிருந்தனர். கடைக்காரி என் பெயரைக் கேட்டு, அடுக்கியிருந்தவற்றில் தேடி, வாழையிலையில் கட்டிய ஒன்றை என் முன்னால் வைத்தாள். பணம் வேண்டாம் என்றாள். விஷயம் மெல்ல வெளிவந்தது: துக்க வீட்டு உணவைத்தானே எடுத்துப் போகக்கூடாது? மூத்த மகள் பக்கத்து வீட்டு அடுப்பில் சமைத்து, கொல்லைப்புற வழியாக அனுப்பி, வருகிறவர்களுக்குப் பெயர் எழுதிக் கடையில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். இதில் விதியை மீறியதாக எந்தப் பாதிரியாரும், எந்த ஆவியும் சொல்ல முடியாது.

பொட்டலத்தைப் பிரித்தேன். பாசிப்பயறு, முருங்கைக்கீரை, மேலே, சிவக்க வறுத்துச் சுருண்ட இறால். அவற்றைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கினேன். மாப்பிள்ளை அவற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டே, தவக்காலத்தில்கூட இறாலுக்கு விலக்கில்லையே என்றார்.